காரணம் எழுத மறுப்பவரின் காரணங்கள்

எதிர்த்தரப்பை முழுதாக எடுத்துவைத்துவிட்டு அதன் பிறகே தன் தரப்பைச் சொல்வது தமிழ்த் தருக்க மரபு. சிவஞான சித்தியாரில் பரபக்கம் முன்னும் சுபக்கம் பின்னும் நிற்பது அதனால்தான். கட்டற்ற மென்பொருளுக்குப் பங்களிப்பவர்கள் கமிட் மெசேஜுக்காக மெனக்கெட வேண்டியதில்லை என்று எழுதியிருக்கும் மூத்த நிரலருக்கும் அந்த மரியாதையைத் தந்தே தொடங்குகிறேன். அவர் சொல்வது இது: நிரலே பேசும், டிஃபைப் பார்த்தால் போதும், விளக்கம் வேண்டுமென்றால் புல் ரிக்வெஸ்ட் பக்கத்தில் உரையாடல் இருக்கிறது, பழைய கமிட்டுகளை எவரும் படிப்பதில்லை, பத்தி பத்தியாக ஆங்கிலக் குறிப்புக் கேட்பது நம் பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்தும் மேட்டிமைத்தனம், போதாக்குறைக்கு, இனி செயற்கை நுண்ணறிவே அதை எழுதிவிடும்.

ஐந்தும் கேட்க நன்றாக இருக்கின்றன, தனித்தனியே கேட்கும்வரை. நிரலே பேசுமென்றால் புல் ரிக்வெஸ்ட் பக்கத்தில் விளக்கம் எதற்கு? எவரும் படிப்பதில்லை என்றால் இயந்திரத்தை வைத்து எழுதிக் குவிப்பது யாருக்காக? ஒரு வாதம் கைவிட்டால் இன்னொன்று தாங்கும் என்று ஐந்தை அடுக்கியவர், ஒன்று இன்னொன்றின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதைக் கவனிக்கவில்லை. இருக்கட்டும், ஒவ்வொன்றாகவே பார்ப்போம்.

நிரலே பேசும் என்கிறார். பேசும்தான், யார் மறுத்தார்கள்? என்ன செய்கிறது என்பதைப் பேசும். எதற்காகச் செய்கிறது, எந்தெந்த வழிகளை முயன்று கைவிட்டபின் இந்த வழிக்கு வந்தார்கள், எந்தக் கோளாறு இந்த மாற்றத்தைக் கேட்டது என்பதில் ஒரு வார்த்தை பேசாது. பிரிட்டன் அரசின் டிஜிட்டல் சேவைப் பிரிவில் ஒருவர் செய்த கமிட் ஒன்று நிரலர்களிடையே பரவலாகப் பேசப்பட்டது. ஒரு டெம்ப்ளேட் கோப்பில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. அதுவும் என்ன எழுத்து? வெற்றிடம். ஒரு வெற்றிடம் போய் இன்னொரு வெற்றிடம் வந்திருக்கிறது. டிஃபைத் திறந்தால் கழிந்த வரியும் சேர்ந்த வரியும் கண்ணுக்கு ஒன்றே. ஆனால் மெசேஜில் முழுக்கதையும் இருக்கிறது: டெஸ்ட்டுகளைத் தனியாக ஓட்டினால் தேறின, மொத்தமாக ஓட்டினால் விழுந்தன, வந்த பிழைச் செய்தி இது, டெஸ்ட் கோப்பில் விநோத எழுத்து ஏதுமில்லை, தொகுப்பிலேயே இந்த ஒரு கோப்பு மட்டும் யூடிஎஃப்-8 என்று காட்டுகிறது, மற்றதெல்லாம் ஆஸ்கி, மாற்றிப் பார்த்தபோது வெற்றிடம்போலத் தோன்றிய ஒரு எழுத்து சிக்கியது, கையால் மாற்றியதும் சரியானது. எந்தக் கட்டளைகளை ஓட்டி இதைக் கண்டுபிடித்தார் என்பதையும் எழுதிவைத்திருக்கிறார். அடுத்த முறை இதே பிழைச் செய்தியைப் பார்த்துத் திகைப்பவர் கமிட் வரலாற்றில் தேடினால் விடை அங்கே இருக்கும். இந்த இடத்தில் நிரல் என்ன பேசியது என்று நம் கட்டுரையாளர் காட்டட்டும்.

அது சின்ன விஷயம், அரை நாள் வேலை என்று தள்ளினால், உலகம் விலை கொடுத்த விஷயத்துக்கு வருகிறேன். 2006 மே மாதம், டெபியனில் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் ஒரு மாற்றம் நடந்தது. மதிப்பு நிரப்பப்படாத நினைவகத்தை யாரோ படிக்கிறார்கள் என்று வால்கிரைண்ட் கருவி ஓயாமல் எச்சரித்துக்கொண்டிருந்தது. சமவாய்ப்பு எண்களை உண்டாக்கும் கோப்பில் அதற்குக் காரணமாகத் தெரிந்தவை இரண்டு வரிகள். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே: ஒரு பஃபரில் இருப்பதை எடுத்துக் கலவையில் சேர்க்கும் வரி. ஆனால் இரண்டும் இருந்த ஃபங்ஷன்கள் வேறு. ஒன்றில் அந்த வரி போனால் பாதகமில்லை. மற்றதில், வெளியிலிருந்து வரும் விதை மதிப்புகள் உள்ளே நுழைய அந்த வரிதான் வாசல். இரண்டுமே முடக்கப்பட்டன. அதன் பிறகு உருவான சாவிகளின் ரகசியத்துக்கு மிஞ்சியது புராசஸ் எண் மட்டும். அன்றைய லினக்ஸில் அது வழக்கமாக 32,768-ஐத் தாண்டாது. 2008 மே 13 அன்று இது வெளியே தெரிந்தபோது, இரண்டு ஆண்டுகளாக டெபியனிலும் உபுண்டுவிலும் உருவான எஸ்எஸ்எச் சாவிகள் எல்லாவற்றையும் தூக்கியெறிய வேண்டியிருந்தது.

இப்போது கேட்கிறேன்: நிரலே பேசுமென்றால், திறமையான ஒரு பராமரிப்பாளரிடம் அந்த இரண்டு வரிகளும் ஏன் வாய் திறக்கவில்லை? ஒன்று உயிர்நாடி, மற்றது வெறும் உபரி என்று அவற்றின் முகத்தில் எழுதியிருந்ததா? பின்னாளில் ஓப்பன்எஸ்எஸ்எல் குழுவினர் அந்த வரிக்கு மேலே, இதை நீக்காதீர்கள், நீக்கினால் பாதுகாப்பற்ற சாவிகள் உருவாகும் என்று பெரிய எழுத்தில் குறிப்பு எழுதினார்கள். அதுவரை வரி மட்டும் இருந்தது, காரணம் இல்லை.

அந்தக் கதையில் இன்னொன்றும் உண்டு, அதுதான் எனக்கு முக்கியம். மாற்றத்தோடு ஒரு குறிப்பு இருந்தது: மதிப்பு நிரப்பப்படாத தரவைச் சமவாய்ப்பு எண் உற்பத்தியில் சேர்க்க வேண்டாம், வால்கிரைண்ட் எச்சரிக்கை நிற்கும் என்ற பொருளில். இரண்டு வரிகளில் ஒன்றுக்கு அந்தக் குறிப்பு பொருந்தும், மற்றதற்குப் பொருந்தாது. குறிப்பு சொன்னதற்கும் நிரல் செய்ததற்கும் நடுவே விழுந்த இடைவெளியில்தான் பிழை உட்கார்ந்திருந்தது. குறிப்பே இல்லாமல் வரிகள் மட்டும் காணாமல் போயிருந்தால், அது தெரிந்து எடுத்த முடிவா, தெரியாமல் நடந்த தவறா என்று எவரால் சொல்ல முடியும்? நிரல் தான் செய்வதைச் செய்கிறது. அது தவறு என்று சொல்ல, செய்ய நினைத்தது என்ன என்று தெரிந்தாக வேண்டும். நோக்கத்தை அழித்துவிட்டால் பிழை என்ற சொல்லுக்கே பொருள் கிடையாது. கட்டுரையாளர் வேண்டாம் என்று ஒதுக்குவது நாலு வரி உரைநடையை அன்று. தன் நிரல் தவறு என்று பிறர் நிறுவுவதற்கான அளவுகோலை.

சிறப்புப் பாயிரத்தில் சொல்ல வேண்டியவற்றை எட்டு என்று வகுத்த நன்னூலார், காலம், களம், காரணம் ஆகிய மூன்றையும் சேர்த்துச் சொல்வாரும் உண்டு என்கிறார். பாயிரம் இல்லாதது நூலே ஆகாது என்பதும் அவர் கட்சி. கிட் ஆக்கியோன் பெயரைத் தானே எழுதிக்கொள்கிறது, காலத்தை நொடி சுத்தமாகக் குறித்துக்கொள்கிறது, எந்தக் கமிட்டின் வழி வந்தது என்பதையும் கோத்துவிடுகிறது. கருவியால் முடியாமல் மனிதரிடம் விட்டது காரணம் ஒன்றைத்தான். அந்த ஒன்றிலும் ‘ஃபிக்ஸ்’ என்று கிறுக்கிவிட்டுப் போவேன் என்பவர், நிரல் தொழிலில் தனக்கென மிச்சமிருக்கும் வேலை என்ன என்று நினைக்கிறார்?

அடுத்தது புல் ரிக்வெஸ்ட் பக்கம். விளக்கமெல்லாம் அங்கே இருக்கிறதாம். எங்கே? யாருடைய கணினியில்? கிட் பரவலாக்கப்பட்ட கருவி. ரெப்போவை குளோன் செய்பவர் ஒவ்வொருவரிடமும் கமிட் மெசேஜ் முழுதும் போய்ச் சேர்கிறது. உரையாடல் பக்கமோ ஒரு நிறுவனத்தின் சர்வரில், அந்த நிறுவனம் விரும்பும்வரை இருக்கிறது. 2020 அக்டோபரில் யூடியூப்-டிஎல் ரெப்போவை பதிப்புரிமைப் புகாரின் பேரில் கிட்ஹப் முடக்கியபோது, நிரலும் கமிட் வரலாறும் ஆயிரம் பேர் கணினியில் பத்திரமாக இருந்தன. பிழை அறிக்கைகளும் விவாதங்களும் நவம்பரில் மீட்கப்படும்வரை எவர் கைக்கும் எட்டவில்லை. கூகுள் கோட் 2016 தொடக்கத்தில் மூடப்பட்டது. பிட்பக்கெட் 2020-இல் மெர்க்குரியல் ரெப்போக்களையே கைவிட்டது. இதற்கு நேர்மாறாக போஸ்ட்கிரெஸ்கியூஎல்-ஐப் பாருங்கள். 2010-இல் சிவிஎஸ்-இலிருந்து கிட்டுக்கு மாறினார்கள். 1996 முதலான கமிட் மெசேஜ்கள் கூடவே வந்தன. இன்றும் அவர்கள் மெசேஜின் கடைசியில் விவாதத்துக்கான இணைப்பைத் தருகிறார்கள். ஆனால் அதற்கு முன்னால் காரணத்தை வாக்கியங்களாக எழுதிவிடுகிறார்கள். இணைப்பு அறுந்தாலும் காரணம் நிற்கும். ஆண்டுதோறும் வெளியீட்டுக் குறிப்புகளை அந்த மெசேஜ்களைப் படித்தே தொகுக்கிறார்கள். முகவரியை எழுதிவைத்தால் விளக்கம் எழுதியதாகும் என்று நினைப்பது என்ன நியாயம்?

படிக்க ஆளில்லை என்ற மூன்றாவது வாதத்துக்கு இங்கேயே பாதி பதில் வந்துவிட்டது. மீதியை கிட் பைசெக்ட் சொல்லும். லினக்ஸ் கெர்னலின் ஒரு வெளியீட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே பத்தாயிரத்துக்கு மேல் கமிட்டுகள் சேர்கின்றன. பழைய கெர்னலில் வேலை செய்த வைஃபை புதியதில் படுத்துவிட்டது என்று வையுங்கள். வரலாற்றைப் பாதி பாதியாக வெட்டிச் சோதித்தால் பதினான்கு முறையில் குற்றவாளிக் கமிட் ஒன்று தனியாக வந்து நிற்கும். பதினான்கு முறை கெர்னலைக் கம்பைல் செய்து, பதினான்கு முறை ரீபூட் செய்து, நள்ளிரவில் அந்த ஒற்றைக் கமிட்டை எதிர்கொள்பவர் எதைப் படிப்பார்? அதன் மெசேஜைத்தான். இதை ரிவர்ட் செய்தால் வேறு எது உடையும், இது எந்தக் கோளாறுக்காக வந்தது, எந்த வன்பொருளில் சோதித்தார்கள் என்று அதில் இருந்தால் காலைக்குள் தீர்வு உண்டு. ‘மைனர் சேஞ்சஸ்’ என்று இருந்தால்? கெர்னல் ஆவணங்கள் பிரச்சினையை விவரி, பயனருக்கு என்ன பாதிப்பு என்று சொல், வேகம் கூடியது என்றால் எண்களைக் காட்டு என்று கேட்பதும், எந்தக் கமிட்டின் தவறைத் திருத்துகிறாய் என்பதை ‘ஃபிக்ஸஸ்’ வரியில் ஹேஷின் முதல் பன்னிரண்டு எழுத்துகளோடு எழுதச் சொல்வதும் அலங்காரத்துக்காக என்று நினைத்தாரா? நிலைத்த பதிப்புகளைப் பராமரிப்பவர்கள் எந்தத் திருத்தத்தை எந்தப் பழைய கெர்னலுக்குக் கொண்டுபோவது என்பதை முடிவு செய்ய அந்த வரி உதவுகிறது. எவரும் படிப்பதில்லை என்பது, தான் படித்ததில்லை என்பதன் பன்மை வடிவம். அவ்வளவுதான்.

தலைப்புக்கு ஐம்பது எழுத்து, உடலுக்கு எழுபத்திரண்டு என்ற கணக்கை எடுத்துவைத்துக்கொண்டு இரண்டு பக்கம் கிண்டலடித்திருக்கிறார். அது வழக்கம், வேதமில்லை. கெர்னலே எழுபத்தைந்து வரை விடுகிறது. எண்பது எழுத்துத் திரையில் கிட் லாக் இடப்பக்கம் நான்கு எழுத்து உள்ளே தள்ளிக் காட்டுவதால் வந்த வசதி அது. எதிர்த்தரப்பின் மிக மெலிந்த ஆளைத் தேடிப் பிடித்து அடிப்பது வீரமா? அதேபோல ‘ஃபீட்’, ‘ஃபிக்ஸ்’, ‘சோர்’ என்று முன்னொட்டுப் போடுவதையே நல்ல கமிட் மெசேஜ் என்று கொண்டாடுகிறவர்களோடு என்னைச் சேர்க்க வேண்டாம். வகைச்சீட்டு ஒட்டுவது வேறு, காரணம் சொல்வது வேறு.

ஆங்கிலத் தடை என்ற நான்காவது வாதம்தான் கட்டுரையிலேயே மிக உருக்கமானது. உருக்கத்தை விலக்கிவிட்டு உள்ளே பார்ப்போம். மெசேஜ் எழுதாமல் விட்டால் யாருக்கு நட்டம்? இருபது ஆண்டு அந்தத் திட்டத்தில் ஊறிய மூத்தவருக்கு இல்லை. வரலாறு அவர் தலைக்குள் இருக்கிறது. ஆண்டுதோறும் பிரஸ்ஸல்ஸில் ஃபாஸ்டெம் மாநாட்டுக்குப் போய் ஆக்கியோரிடமே கேட்டுக்கொள்ளக் கூடியவருக்கும் இல்லை. திருநெல்வேலியிலோ யாழ்ப்பாணத்திலோ தனியாக ஒரு மடிக்கணினி முன் உட்கார்ந்து, இந்த வரி ஏன் இப்படி இருக்கிறது என்று கிட் பிளேம் ஓட்டிப் பார்க்கும் மாணவிக்குத்தான் நட்டம். அவளுக்கு இருக்கும் ஒரே ஆசான் அந்த மெசேஜ். அதை மொட்டையாக்கிவிட்டு, அவள் நலனுக்காகவே செய்தேன் என்று சொல்ல எப்படி மனம் வருகிறது? இலக்கணச் சுத்தமான ஆங்கிலத்தை யார் கேட்டார்கள்? ‘சேர்’, ‘நீக்கு’, ‘திருத்து’ என்று ஏவல் வினையில் தொடங்கச் சொல்லும் வழக்கமே காலம், எழுவாய் என்ற தொல்லைகளை ஒழித்துவிடுகிறது. மொழி தடுமாறினால் பராமரிப்பாளர்கள் திருத்திச் சேர்ப்பதும் வழக்கத்தில் உள்ளதே. அவர்களால் திருத்த முடியாதது எழுதாமல் விட்ட காரணத்தை மட்டும்தான். தமிழ்த் திட்டமென்றால் தமிழிலேயே எழுதலாம், கிட்டின் இயல்பிருப்பு யூடிஎஃப்-8. எங்கே தடை?

தடை வேறெங்கோ இருக்கிறது. கட்டுரை நெடுகிலும், எத்தனை பங்களிப்பு, எத்தனை பச்சைக் கட்டம், வேலைக்கு எடுப்பவர் எதைப் பார்ப்பார் என்று வந்துகொண்டே இருப்பதைக் கவனித்தீர்களா? எண்ணிக்கை ஏற வேண்டும். காரணம் எழுதினால் கை தாமதிக்கும். இந்தப் பாதை எங்கே முடியும் என்பதை 2020 ஹேக்டோபர்ஃபெஸ்ட் காட்டிவிட்டது. நான்கு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் ஒரு டி-ஷர்ட் என்றதும், ரீட்மி கோப்பில் ஒரு பெயரடையைச் செருகி அனுப்பும் வெள்ளம் பராமரிப்பாளர்கள் தலையில் இறங்கியது. நிகழ்வின் நடுவிலேயே அதை நடத்திய டிஜிட்டல்ஓஷன் விதியை மாற்றி, விருப்பம் தெரிவித்த ரெப்போக்கள் மட்டுமே கணக்கில் வரும் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. அந்தப் பெயரடைகளில் எத்தனைக்கு, ஏன் இந்த மாற்றம் என்று இரண்டு வாக்கியம் எழுதியிருக்க முடியும்? எழுத உட்கார்ந்தாலே கை நின்றிருக்கும். காரணம் கேட்கும் வழக்கம் நம் பிள்ளைகளை வாசலில் நிறுத்தவில்லை. காரணமில்லாத மாற்றத்தை நிறுத்துகிறது.

நடுவில் ஒரு துருப்புச் சீட்டை இறக்குகிறார்: எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கக் கருவியில் பின்வாசல் வைத்த ஆள் அழகான கமிட் மெசேஜ்கள் எழுதினாரே, அவை யாரைக் காப்பாற்றின? நல்ல கேள்வி, அவரிடமிருந்து வந்த ஒரே நல்ல கேள்வி. 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் அம்பலப்படுத்திய அந்தச் சதியில், நச்சு ஒளிந்திருந்தது டெஸ்ட் கோப்புகளுக்குள். அவற்றை மாற்றிய கமிட் சொன்னது என்ன? பழைய கோப்புகள் தன் கணினியின் சமவாய்ப்பு மதிப்புகளால் உருவானவை, மீண்டும் உருவாக்க ஏதுவாக இப்போது நிலையான விதை எண்ணால் உருவாக்கியிருக்கிறேன் என்று. சரி, அந்த விதை எண் எது? உருவாக்கிய நிரல் எங்கே? கேட்டிருந்தால் அன்றே மாட்டியிருப்பார். இன்னொரு கமிட், லேண்ட்லாக் பாதுகாப்பு வசதி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையைத் திருத்துகிறேன் என்றது. உள்ளே சிமேக் கோப்பில் ஒரு ஒற்றைப் புள்ளி செருகப்பட்டு, அந்தச் சோதனை எந்நாளும் தேறாதபடி ஆனது. திருத்தம் என்று சொல்லி முறித்திருக்கிறார். சொல்லுக்கும் செயலுக்கும் உள்ள முரண்தான் இங்கே ஆதாரம். பொய்ச்சாட்சி சொன்னவரைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டுமா, சாட்சிக்கூண்டையே உடைத்துப்போட வேண்டுமா? நம் கட்டுரையாளர் இரண்டாவதைச் சொல்கிறார். மெசேஜே எழுதாத திட்டத்தில் அந்தச் சதிகாரர் ஒரு பொய்கூடச் சொல்லத் தேவைப்பட்டிருக்காது.

செயற்கை நுண்ணறிவு வாதத்துக்கு அதிகம் தேவையில்லை. டிஃபைக் கொடுத்தால் இயந்திரம் டிஃபில் இருப்பதை வாக்கியமாக்கித் தரும். டிஃபில் இருப்பது டிஃபிலேயே இருக்கிறதே. பத்தாண்டு கழித்தும் எவரும் அதைப் படித்துக்கொள்ளலாம். வாடிக்கையாளரிடமிருந்து வந்த புகார், கைவிட்ட இரண்டு வழிகள், ஆர்ம் செயலியில் மட்டும் வந்த கோளாறு, இதெல்லாம் எழுதியவர் தலைக்குள் மட்டும் இருந்து அவரோடு போய்விடக்கூடியவை. இயந்திரத்திடம் அவற்றைச் சொல்லி எழுதவைப்பேன் என்றால், சொல்ல முடிந்தவருக்கு எழுத என்ன கேடு?

கடைசியாக லினஸ் டோர்வால்ட்ஸைச் சாட்சிக்கு அழைக்கிறார். பிட்கீப்பரை விட்டுவிட்டு கிட்டை உருவாக்கிய அவரே 2005 ஏப்ரலில் கெர்னலின் பழைய வரலாற்றை முழுதாகத் தூக்கியெறிந்துவிட்டு 2.6.12-ஆர்சி2-இலிருந்து புதிதாகத் தொடங்கினாரே, வரலாறு அவ்வளவு முக்கியமா என்று. அந்தத் தொடக்கக் கமிட் இன்றும் கெர்னல் ரெப்போவின் அடியில் இருக்கிறது, எவர் வேண்டுமானாலும் திறக்கலாம். அதன் மெசேஜில் டோர்வால்ட்ஸ், வரலாறு கையில் இருந்தும் இப்போது சேர்க்கவில்லை என்கிறார். கிட்டில் ஏற்றினால் அது ஏறத்தாழ 3.2 ஜிபி ஆகும் என்று அளவைச் சொல்கிறார்; அதைத் தாங்கும் வசதிகள் இல்லாத தொடக்க நாள்களில் வீண் சிக்கல் என்று காரணம் சொல்கிறார்; வேண்டுமானால் பிறகு தனிக் காப்பகமாக உருவாக்கிக்கொள்ளலாம் என்று மாற்று வழியும் சொல்கிறார். பின்னர் பிட்கீப்பர் காலத்து வரலாறு அப்படியே தனி ரெப்போவாக வந்தது. செய்தது, செய்யாமல் விட்டது, ஏன், அடுத்து என்ன: நான்கும் சில வரிகளில். தன் கட்சிக்குச் சாட்சியாக அழைத்தவர் எழுதிய அந்தச் சில வரிகளைக்கூடத் திறந்து பார்க்காமல்தான், கமிட் மெசேஜை எவரும் படிப்பதில்லை என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார்.